செல்வி லேபிள்

சும்மா கிடைக்கிற பொருளை இசக்கிசெல்வி காசுக்கு விற்கிறாள் என்ற பேச்சு, அம்மன் கோயில் ஆடிக் கொடை முடிந்த கையோடு தாராவியில் கிளம்பியது. மழை விட்டபாடில்லை. சந்துகளில் சாக்கடை மேலேறி வாசற்படிகளைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. தோல் குடோன்களின் ஈர நாற்றம் வீட்டுக்குள் புகுந்து சோற்றுப் பானை வரைக்கும் வந்தது. அந்த நாற்றத்துக்கு அவள் கல்யாணமாகி வந்த புதிதிலேயே பழகிவிட்டாள். இந்தப் பேச்சுக்குத்தான் பழக முடியவில்லை.

அவள் விற்றது ஒரு சாஃப்ட்வேர். எம்ப்ராய்டரி மெஷினுக்கு உரியது. பூவோ மயிலோ கல்யாணப் பெண்ணின் பெயரோ, கம்ப்யூட்டரில் வரைந்து வைத்ததை, எந்த நூல் முதலில் ஓடவேண்டும், தையல் எந்தப் பக்கம் சாய வேண்டும், ஊசி எங்கே நிற்க வேண்டும் என்று மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கும். மெஷின் கம்பெனிக்காரர்கள் இதைத் தனியாக விற்பார்கள். அந்த விலைக்கு இன்னொரு மெஷினே வாங்கிவிடலாம். அதனால் தாராவியில் ஒருவரும் வாங்கியது கிடையாது. பூட்டை உடைத்த திருட்டுக் காப்பி ஒன்று ஸ்டேஷன் பக்கம் ஒருத்தனிடம் கிடைக்கும். வேலைக்கு நடுவில் செத்துப் போகும், திரும்ப அவனிடமே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். எல்லாரும் ஓடினார்கள்.

இசக்கிசெல்வியும் முதலில் ஓடியவள்தான். அவள் புருஷன் வானமாமலைக்குத் தோல் பை தைக்கிற கார்கானா, வீட்டோடு ஒரு சின்னப் பட்டறை. தோல் வேலை படுத்த பிறகு ரெக்சினுக்கு மாறினான், அதுவும் தேறாமல் ஒரு எம்ப்ராய்டரி மெஷினைத் தவணையில் வாங்கி மாடியில் ஏற்றினான். அவனுக்குக் கம்ப்யூட்டரைக் கண்டாலே ஆகாது. ஆகையால் மெஷின் அவள் தலையில் விழுந்தது. ரிப்பேருக்கு வருகிற உஸாமாதான் அந்தத் திருட்டுக் காப்பியை அழித்துவிட்டு வேறொன்றைப் போட்டுக் கொடுத்தவன். தாராவியிலேயே பிறந்து வளர்ந்த கடையநல்லூர்ப் பையன்.

"இது உலகத்துல பல பேர் சேந்து எழுதி, எல்லாருக்கும்னு விட்டதுக்கா. நீங்க வச்சுக்கலாம், அடுத்தவங்களுக்குக் குடுக்கலாம். விக்கணும்னாலும் விக்கலாம்" என்றான்.

"சும்மா வந்ததை விக்கிறதா? கேஸு கீஸு ஆகிறாது?"

"ஆகாதுக்கா. எழுதினவங்களே அப்பிடித்தான் சொல்லியிருக்காங்க. என்ன விலைக்கு வேணும்னாலும் வித்துக்கோ. ஆனா வாங்குறவன் கையைக் கட்டக்கூடாது. அவன் நாளைக்கு இன்னொருத்தனுக்குக் குடுத்தா ஏன்னு கேக்கக்கூடாது. செஞ்சவங்க பேரை அழிக்கக்கூடாது. உள்ள என்ன எழுதியிருக்குன்னு பாக்கணும்னா அதையும் குடுக்கணும். அவ்ளோதான் ரூல்."

அந்த நாலு பேச்சும் அவள் மனசில் அப்படியே பதிந்துவிட்டது. கோவண்டியிலும் தாராவியிலும் வீட்டிலேயே ஒற்றை மெஷினைப் போட்டுக்கொண்டு திண்டாடும் பெண்கள் நிறைய. சாஃப்ட்வேரைப் பென்டிரைவில் ஏற்றி, கூடவே தன் குரலில் பாடமும் பேசிப் போட்டாள். வீடு தேடிப் போய், தரையில் கூடவே உட்கார்ந்து, முதல் பூ துணியில் விழுகிற வரைக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். போகிற வீட்டிலெல்லாம் முதல் காரியமாக ஒன்று சொல்வாள்: "இது நெட்டுல சும்மாவே கிடைக்கும். எடுக்கத் தெரிஞ்சா எடுத்துக்கோங்க. எனக்குத் தாரது பென்டிரைவுக்கும் நான் வந்து உக்காருததுக்கும்தான். நாளைக்கு உங்க நாத்தனாருக்குக் குடுக்கணும்னாலும் குடுங்க, எனக்கு ஒண்ணும் இல்ல."

யாரும் நெட்டில் போய் எடுக்கவில்லை. நாத்தனார்களுக்குக் கொடுத்தார்கள். அந்த நாத்தனார்கள் சொல்லிக்கொடுக்க அவளையே கூப்பிட்டார்கள். இப்படியே நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது.

பூலோகம் அண்ணாச்சியின் தங்கச்சி மகன் ஒருத்தன் போனைத் தட்டி, சாஃப்ட்வேர் சும்மா கிடைப்பதை அவருக்குக் காட்டினான். பூலோகம், தாராவியில் குடியேறிய ஊர்க்காரர்களின் சங்கத்துப் பொருளாளர். ஆறு மெஷின் ஓடுகிற எம்ப்ராய்டரி கார்கானாவுக்கு முதலாளி. அவருக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அம்மன் கோயிலுக்குப் பின்னாலிருக்கும் ஹாலில் சங்கத்தைக் கூட்டினார். கொடைக்குச் சோறு வடித்த அண்டாக்கள் இன்னும் அங்கேயே கவிழ்த்துக் கிடந்தன.

"ஏம்மா, கொடைக்கு இந்த அண்டாவுல சோறு போட்டோம். அதை ஒருத்தி தூக்குச்சட்டியில எடுத்துட்டுப் போயி ஸ்டேஷன் வாசல்ல வச்சு வித்தா, நாம பாத்துக்கிட்டு இருப்போமா?" என்று தொடங்கினார்.

"சோறு எடுத்தா குறையும் அண்ணாச்சி. இது குறையாது. எடுத்தவங்களுக்கும் இருக்கும், எடுக்காதவங்களுக்கும் இருக்கும்."

"குறையாத பொருளுக்கு எதுக்குக் காசு?"

"நான் குறையுதேன்லா. கோவண்டிக்குப் போயிட்டு வந்தா எனக்கு ஒரு நாள் போவுது."

பின்னால் யாரோ சிரித்தார்கள். பூலோகத்துக்கு அது பிடிக்கவில்லை. "சும்மா கிடைக்குன்னு அவங்ககிட்டயே சொல்லுதியாமே?"

"ஆமா, சொல்லுதேன்."

"சொல்லிட்டே காசு வாங்குதியே. அது இன்னும் மோசம்லா."

கூட்டம் தலையை ஆட்டியது. அவளுக்குச் சுருக்கென்று வந்தது. "உங்க ஆறு மெஷினும் எதுல ஓடுது அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டாள்.

அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "அது வேற. அது கம்பெனிக்காரன்கிட்ட அடிச்சது. அவன் பெரிய முதலாளி, அவனுக்கு என்ன குறைஞ்சிறப் போவுது? இது யாரோ புண்ணியவான் தர்மத்துக்கு விட்டது. தர்மத்துல கை வைக்கக் கூடாது."

மறுபடியும் தலைகள் ஆடின. அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேருடைய கார்கானாவிலும் ஓடுவது திருட்டு மால். அதை வாங்க ஸ்டேஷன் பக்கத்துக்காரனுக்கு அவர்கள் காசும் கொடுத்திருக்கிறார்கள். திருடி விற்றவனுக்குக் கொடுத்தால் அது தந்தா, வியாபாரம்; சொல்லி விற்றவளுக்குக் கொடுத்தால் பாவம். வாயெல்லாம் பாக்கும் சுண்ணாம்புமாக அவர்கள் நியாயம் பேசுவதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது. வானமாமலையைப் பார்த்தாள். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் எழுந்து, "இனிமே விக்க மாட்டா அண்ணாச்சி, நான் பாத்துக்கிடுதேன்" என்று கையைக் கூப்பினான்.

வீட்டுக்கு வந்து அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். மத்திமீன் குழம்பைச் சுட வைத்து அவன் முன்னால் வைத்தாள். மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. சாப்பிடுகிற நேரம் பார்த்து ஹரி வந்தான். ஹரி வானமாமலையின் தம்பி, செம்பூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை. வரும்போதே சென்ட் வாசனை முன்னால் வரும், மீன் குழம்பையும் மீறிக்கொண்டு. பாக்குத் தூளைப் பல்லிடுக்கில் ஒதுக்கிக்கொண்டு பேசுவது அவன் பழக்கம்.

"மதினி, நீங்க பண்ணுன தப்பு என்ன தெரியுமா? சும்மா கிடைக்கும்னு சொன்னிய பாத்தியளா, அதுதான். கிராக்கிகிட்ட யாராவது அப்பிடிச் சொல்லுவாவளா?"

"பின்ன என்ன சொல்லணும்?"

"நம்ம மால்னு சொல்லணும். அதை உள்ள திறந்தா மாத்திக்கிடலாம். யார் யார் பேரோ இருக்கு, அதை எல்லாம் தூக்கிருவோம். நம்ம பேரைப் போடுவோம். வருசத்துக்கு ஒரு சாவி. சாவி போட்டாத்தான் திறக்கும். ஒருத்திகிட்ட இருந்து இன்னொருத்தி வாங்க முடியாது. அண்ணன் இருபது வருசமா செய்யுத வேலைதானே இது. பை இங்க தைக்கோம், லேபிள் வேற எவனோ பேர்ல போவுது."

வானமாமலை சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். லேபிள் என்ற பேச்சு வந்ததும் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தாராவியில் பை தைக்கிறவனுக்கு அது ஒரு விஷயமே இல்லை. சேட் எந்த லேபிளைக் கொண்டுவந்து கொடுக்கிறானோ அதை வைத்துத் தைப்பான். ஒரு ஆர்டர் திரும்பி வந்தால் லேபிளைப் பிரித்துவிட்டு வேறொன்றை வைத்து வேறு சேட்டுக்கு அனுப்புவான்.

"நம்ம தைச்ச பையில அவன் பேரைப் போடச் சொல்லி அவன் காசு குடுத்தான்" என்றாள் இசக்கிசெல்வி. "இது யாரோ தைச்சது. இதுல நம்ம பேரை யாரு போடச் சொன்னா? வித்துக்கோ, ஆனா பேரை அழிக்காதே, பூட்டாதேன்னு அவங்க சொல்லியிருக்காவ. அது ஒண்ணுதான் அவங்க கேட்டது."

"கேஸு எவன் போடுவான் மதினி? அமெரிக்காவுல இருந்து இந்தச் சாக்கடையைத் தாண்டி வருவானா?"

"வரமாட்டான். அதுக்காக?"

வானமாமலை குறுக்கே பேசினான். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. "தைச்சவனுக்குப் பேரு எதுக்குளா? நான் எத்தனை பை தைச்சிருக்கேன். ஏர்போர்ட்டுல, பெரிய பெரிய கடையில தொங்குது. எதுலயாவது என் பேரு உண்டா? எவனாவது கேட்டானா? எனக்கு இல்லாத பேரு அவனுக்கு மட்டும் எதுக்கு?"

அதைக் கேட்டபோது அவளுக்கு ஒரு நிமிஷம் அவன்மேல் பாவமாகத்தான் இருந்தது. அடுத்த நிமிஷமே, "உன் பேரைத்தான் போடப் போறேன் செல்வி. நம்ம வீட்டுப் பேர்ல முதமுதல்ல ஒரு மால்" என்று அவன் பல்லைக் காட்டினான். மீன் முள் ஒன்று உதட்டில் ஒட்டியிருந்தது. அவள் எழுந்து, மூலையில் பாத்திரம் கழுவுகிற மோரிக்குப் போய்க் கையைக் கழுவினாள்.

"என் பேரை அதுல போடாதிய. சொல்லிட்டேன்."

போட்டார்கள். அவள் சண்டை போட்டாள், சமைக்க மாட்டேன் என்றாள், ஒன்றும் நடக்கவில்லை. மாடிக் கார்கானாவில் அண்ணனும் தம்பியும் உட்கார்ந்து வேலையை முடித்தார்கள். சாவியைப் பென்டிரைவில் ஏற்றி, அதை வைக்கச் சிறிய ரெக்சின் பை ஒன்றை வானமாமலை தன் கையாலேயே தைத்தான். ஓரத்தில் சிவப்பு லேபிள், அதில் வெள்ளை எழுத்தில் செல்வி. ஒவ்வொன்றையும் தைத்து முடித்ததும் கட்டைவிரலால் லேபிளின் விளிம்பைத் தடவிப் பார்ப்பான். அத்தனை நேர்த்தியாக அவன் எந்தச் சேட்டுக்கும் தைத்ததில்லை.

முதல் பையை வாங்கியவர் பூலோகம் அண்ணாச்சி. திருட்டுக் காப்பி அந்த வாரம் மறுபடி செத்துப் போயிருந்தது. "சொந்த மால்னா அது வேற விஷயம். நம்ம பய ஒருத்தன் சாஃப்ட்வேர் செய்யுதான்னா நாமதானே தூக்கிவிடணும்" என்று சங்கத்தில் பேசினார். ஹரிக்குப் பொன்னாடை போட்டார்கள். அவள் போகவில்லை. அவளை வழியில் கண்டவர்கள், "பரவாயில்லையே செல்வி, நல்ல புத்தி வந்துட்டு" என்று சிரித்தார்கள். அவளுக்குக் காறித் துப்பவேண்டும் போல இருந்தது. இருந்தாலும் எல்லாரும் சொந்தக்காரர்கள், துப்ப முடியாது.

நடந்தது அவ்வளவுதான் என்று நினைத்திருந்தாள். அதற்கு மேலும் நடந்திருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவண்டியிலிருந்து அஸ்ரின் போன் செய்தபோதுதான் தெரிந்தது. அஸ்ரின் அவளிடம் முதன்முதலில் பென்டிரைவ் வாங்கியவர்களில் ஒருத்தி. மேலப்பாளையத்துப் பெண். ஷாதி துப்பட்டாக்களில் மாப்பிள்ளை, பெண் பெயரைத் தைத்துக் கொடுப்பதில் பேர் எடுத்தவள்.

"அக்கா, நீங்களா இப்பிடிச் செஞ்சிய?" என்றாள் எடுத்த எடுப்பில்.

"என்ன அஸ்ரின்?"

"வந்து நீங்களே கேளுங்க. சாயந்திரம் நிக்காஹ். துப்பட்டா மெஷினோட மெஷினா நிக்கிது."

சயானில் ரயில் ஏறி, குர்லாவில் இறங்கி ஹார்பர் லைனுக்கு மாறி, கோவண்டி போய்ச் சேரும்போது அவள் முழுக்க நனைந்துவிட்டாள். அஸ்ரின் வீட்டில் பாதி இடத்தை மெஷின் அடைத்திருந்தது. மீதி இடத்தில் அவள் மாமியார் கட்டிலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஃபிரேமில் மாட்டிய அரக்கு நிறத் துப்பட்டாவில் மாப்பிள்ளை பெயர் பொன் நூலில் பளபளத்தது. பெண் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறும் துணி.

"வாங்க" என்று சொன்னாள் அஸ்ரின். உட்காரச் சொல்லவில்லை. கம்ப்யூட்டரில் அந்த டிசைனைத் திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை. திரையில் சிவப்பாக ஒரு கட்டம் வந்தது, அதில் செல்வி என்று எழுதியிருந்தது. உடனே ஒரு குரல் பேசியது.

"வணக்கம், நான் செல்வி. உங்க சாவி முடிஞ்சிட்டு. காசு கட்டினாத்தான் உங்க டிசைன் திறக்கும். இதை அடுத்தவங்களுக்குக் குடுக்கது திருட்டு. குடுத்தா கேஸு ஆயிரும்."

இசக்கிசெல்வி திரையின் பக்கம் குனிந்தாள். அவள் குரல்தான். 'முடிஞ்சிட்டு' என்பதை அவள் இழுக்கிற இழுப்பு, மூச்சு வாங்குகிற இடம், எல்லாம் அச்சு அசல் அவளேதான். 'வணக்கம், நான் செல்வி' என்று அவள் பாடங்களைத் தொடங்குவது உண்மை. மற்றது எதையும் அவள் வாழ்நாளில் சொன்னதில்லை. ஹரி ஒருநாள், "குரலை மட்டும் குடுத்தா போதும் மதினி, இப்போ கம்ப்யூட்டரே நம்மள மாதிரி பேசிக்கிடும்" என்று சிரித்தது ஞாபகம் வந்தது. அவள் பேசிய பாடங்களை எடுத்துத்தான் செய்திருக்கிறான்.

"உங்க கொழுந்தன் வந்தாவ" என்றாள் அஸ்ரின். "செல்வி அக்கா புதுசு போட்டுக் குடுக்கச் சொன்னாவ, காசு வேண்டாம்னாவ. நானும் உங்க பேரைச் சொன்னதும் உள்ள விட்டுட்டேன். பழசை அழிச்சுட்டு இதைப் போட்டுட்டுப் போனாவ. நீங்க குடுத்த பென்டிரைவையும், இனிமே வேண்டாம்னு கையோட வாங்கிட்டுப் போயிட்டாவ. ஒரு மாசத்துக்குத்தான் சாவின்னு சொல்லவே இல்ல. அந்த ஒரு மாசம் நல்லா ஓடிச்சு. இப்போ பாருங்க."

"நான் அனுப்பல அஸ்ரின்."

"சத்தம் உங்க சத்தம்தானே?" என்றாள் கட்டிலிலிருந்து மாமியார். வெங்காயத்தால் கண் கலங்கியிருந்தது, குரலில் கலக்கமே இல்லை.

"சஃப்ரீனுக்கு ஒரு காப்பி குடுத்தேன்" என்றாள் அஸ்ரின். "என் நாத்தனார். நீங்கதான்க்கா குடுக்கலாம்னு சொன்னிய, இந்தா, இந்த இடத்துல உக்காந்துட்டு. இப்போ நீங்களே என்னையத் திருடின்னு சொல்லுதிய. காலையில இருந்து ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் சொல்லுதிய. என் மாமி கேக்க, பக்கத்து வீட்டுக்காரி கேக்க."

இசக்கிசெல்வி மோரிக்குப் போய்க் குனிந்தாள். காலையில் குடித்த டீ வெளியே வந்தது. வாயைக் கொப்பளித்தும் கசப்பு போகவில்லை. அடுத்தவர் எச்சிலைத் தன் வாயில் போட்டு மென்ற மாதிரி இருந்தது. ஹரி கையை ஓங்கி அடித்திருந்தால்கூட இத்தனை கேவலமாக இருந்திருக்காது.

திரும்பி வந்து, கைப்பையிலிருந்து பழைய பென்டிரைவை எடுத்தாள். ஹரி போட்டதை அழித்தாள். செய்தவர்கள் பெயரெல்லாம் உள்ளே அப்படியே இருக்கிற அந்தப் பழையதைப் போட்டாள். டிசைன் திறந்தது. பெண் பெயரை அஸ்ரின் சொல்லச் சொல்ல எழுத்தை அளவு பார்த்து மாற்றினாள், மெஷினுக்கு ஏற்றினாள். ஊசி இறங்கியது. மெஷின் கடகடவென்று ஓடி, பொன் நூல் முதல் எழுத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனபோதுதான் அஸ்ரினின் முகம் இளகியது.

"காசு எவ்வளவுக்கா?"

"இதுக்கு வாங்க மாட்டேன். என் வீட்டு ஆளு கெடுத்தது. இந்தப் பென்டிரைவையும் நீயே வச்சுக்கோ. சஃப்ரீனுக்குக் குடு. யாரு கேட்டாலும் குடு."

"உக்காருங்க அக்கா, டீ போடுதேன்."

"வேண்டாம் அஸ்ரின். இதைப் போயி வீட்டுல கேக்கணும்."

அவள் தாராவிக்குத் திரும்பியபோது மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. மாடிக் கார்கானாவில் வானமாமலை புது வாடிக்கைக்காரர்களுக்குச் சாஃப்ட்வேரைக் காட்டிக்கொண்டிருந்தான். மேலே போக ஒரு செங்குத்தான இரும்பு ஏணிதான். ஈரச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். தலை மட்டும் மாடித் தரைக்கு மேலே வந்தபோது நின்றாள். வாடிக்கைக்காரர்கள் ரெக்சின் கட்டுகள்மேல் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் பூலோகம் அண்ணாச்சி. சுவரோரம் கம்ப்யூட்டர். வானமாமலையும் ஹரியும் ஏணிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதன்மேல் குனிந்திருந்தார்கள்.

"இப்போ சாவி முடிஞ்சா என்ன ஆகும்னு காட்டுதேன் பாருங்க" என்று ஹரி ஏதோ அமுக்கினான். "வணக்கம், நான் செல்வி" என்று கம்ப்யூட்டர் சொல்லத் தொடங்கி, சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தது. யாரோ, "அச்சு அசலா இருக்கே" என்று மெச்சினார்கள்.

"இது நம்ம மால் இல்ல" என்றாள் இசக்கிசெல்வி ஏணியில் நின்றபடியே. "யாரும் சாவிக்குக் காசு கட்டாதிய."

கட்டுகள்மேல் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிவிட்டார்கள். வானமாமலை திரும்பவில்லை. திரையைப் பார்த்தபடியே, "ஏலே ஹரி, அதை அமத்துலே. என்னமோ மாத்திச் சொல்லுது பாரு" என்றான்.

ஹரி திரும்பிப் பார்த்தான். கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டான்.

"அமத்துங்கேன்."

"அண்ணே, மதினி."

அப்புறம்தான் அவன் திரும்பினான். கல்யாணமான நாளிலிருந்து அவள் குரல் கேட்காத நாள் என்று அவனுக்கு ஒன்று இருந்ததில்லை. அந்த மனுஷன் அவள் பேசியதைக் கம்ப்யூட்டர் பேசுகிறது என்று நினைத்து அணைக்கச் சொல்கிறான்.

"அமத்த முடியாது, இது நான்தான்" என்றாள். மிச்சப் படிகளையும் ஏறி உள்ளே வந்தாள். "கோவண்டியில ஹரி என் பேரைச் சொல்லி ஒரு பிள்ளை வீட்டுக்குள்ள போயி, நல்லா ஓடினதை அழிச்சுட்டு இதைப் போட்டுட்டு வந்திருக்கான். இன்னைக்கு அந்தப் பிள்ளையை என் குரலே திருடின்னு சொல்லுச்சு. இன்னும் எத்தனை வீட்டுல சொல்லிக்கிட்டிருக்கோ."

"வீட்டுல வச்சுப் பேசிக்கிடுவோம்ளா" என்றான் வானமாமலை மெதுவாக. "ஆளுங்க இருக்காவ."

"ஆளுங்க இருக்கிறதாலதான் பேசுதேன். இது நான் பென்டிரைவுல வித்தது இருக்கு பாத்தியளா, அதேதான். உள்ள ஒரு தையல்கூட மாறல. செஞ்சவங்க பேரைப் பிரிச்சுட்டு என் பேரை வச்சுத் தைச்சிருக்காவ. அதுக்கு ஒரு பூட்டு. நான் வித்தது சரி. அது அவங்க விக்கலாம்னு சொன்னது. இதுதான் திருட்டு."

பூலோகம் தொண்டையைச் செருமினார். கையில் அவருடைய ரெக்சின் பை இருந்தது. அவருக்குக் கோபம் வந்தது, ஆனால் அது திருட்டு என்பதற்காக அல்ல. "அப்போ சும்மா கிடைக்கிறதுக்கா நான் வருசச் சந்தா கட்டியிருக்கேன்? என்னவே வானமாமலை?"

வானமாமலை ஹரியைப் பார்த்தான். ஹரி பாக்குத் தூளை ஒதுக்கிக்கொண்டு போனை நோண்டினான்.

"ஏம்மா செல்வி" என்றார் பூலோகம், குரலைத் தாழ்த்தி. "அந்தப் பழசை நம்ம ஆறு மெஷினுக்கும் போட்டுக் குடுத்திரு. சும்மாத்தானே?"

"ஹரி ஏமாத்தின பழைய வீட்டுக்கெல்லாம் நானே போயி சும்மா போட்டுக் குடுப்பேன். உங்களுக்குக் கூலி உண்டு அண்ணாச்சி."

"மறுபடியும் காசா?"

"மறுபடியும் காசுதான். வேண்டாம்னா நெட்டுல எடுத்துக்கோங்க. உங்க தங்கச்சி மகனுக்குத் தெரியும்லா."

அவர் பையைக் கட்டின்மேல் எறிந்துவிட்டு எழுந்தார். மற்றவர்களும் எழுந்தார்கள். ஏணியில் ஒவ்வொருவராக இறங்கும்போது ஒருத்தரும் அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. கீழே போனதும் பேச்சு ஆரம்பித்தது. புருஷனை நாலு பேர் முன்னால் கவிழ்த்துவிட்டாள் என்பதுதான் பேச்சு. அவள் காதிலும் விழுந்தது. ஹரியும் சத்தமில்லாமல் நழுவிவிட்டான், சென்ட் வாசனை மட்டும் நின்றது.

மேஜைமேல் விற்காத ரெக்சின் பைகள் அடுக்கியிருந்தன. பக்கத்திலேயே வானமாமலை தையல் பிரிக்கிற சின்னக் கத்தி. அவள் தரையில் உட்கார்ந்து பைகளை மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டாள். முதல் பையை எடுத்து, லேபிளின் ஓரத்தில் கத்தி முனையை விட்டு, தையலை ஒவ்வொன்றாக அறுத்தாள். இதையும் அவன்தான் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தான், திரும்பி வந்த ஆர்டர்களுக்காக. சிவப்புத் துண்டு கையோடு வந்தது. அதைக் கீழே போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

வானமாமலை பார்த்துக்கொண்டே நின்றான். ஏதோ சொல்லப் போகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. மன்னிப்பு என்று ஒன்று அவன் வாயிலிருந்து வராது, அதுவும் தெரியும். இருந்தாலும் கை கொஞ்சம் தாமதித்தது. அவன் குனிந்து, அவள் பிரித்துப் போட்ட பையை எடுத்தான். லேபிள் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான்.

"ரெக்சின் கிழிஞ்சிராமப் பிரி செல்வி" என்றான். "வேற லேபிள் வச்சுக்கிடலாம்."

இசக்கிசெல்வி மடியிலிருந்த பையைத் திருப்பி, கத்தியை நடுவில் இறக்கி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் கிழித்துவிட்டு, அடுத்ததை எடுத்தாள்.